அண்டாவில் சுற்றிய கொடுவா

ஹில்டா அப்பாவுக்கு,

சாவி பக்கத்து வீட்டுச் செல்லம்மாவிடம் இருக்கிறது. குழம்பு அடுப்பின் மேல். இன்று வெள்ளிக்கிழமை, இறைச்சி ஆகாது. மீனும் இல்லை, கத்தரிக்காய்தான்.

போன ஞாயிறு, "சினை மீனு ஐரீன், தண்ணியிலயே வுட்டுட்டேன்" என்று வெறுங்கையோடு வந்து நின்றீர்கள். பிடித்த மீனை யாராவது விடுவார்களா என்று ஐந்து நாள் உங்களோடு பேசவில்லை. அதற்காகத்தானே இன்று காலை இந்தக் கொடுவா மீனை உயிரோடு கொண்டுவந்து அண்டாவில் போட்டுவிட்டு டூட்டிக்குப் போனீர்கள்?

மசாலா அரைத்துவிட்டு வந்து பார்த்தேன். அது மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. தண்ணீரின் வெளிச்சம் கூரையெல்லாம் ஆடியது. தரையில் சற்றுப் படுத்தேன். வீடே எண்ணூர்க் கழிமுகத்துக்கு அடியில் இருப்பதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, அரிவாள்மணையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அதை வாளியில் தண்ணீரோடு எடுத்துக்கொண்டு, கழிமுகத்தில் விட எண்ணூர் ரயிலுக்குப் போகிறேன். "இன்னாம்மா, மீன எங்க இட்டுகினு போற?" என்று செல்லம்மா கேட்டாள். அவளுக்கு என்ன சொல்வது? நீங்களும் அவளிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

ஐரீன்

மறந்துவிட்டேன்: அந்த மசாலாவை மூடி வைத்திருக்கிறேன், கெடாது. நாளைக்கு ஒன்று பிடித்து வாருங்கள். செத்த பிறகு கொண்டுவாருங்கள், சமைத்துப் போடுகிறேன்.