ஏரி இன்னும் புரளவில்லை

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? பாப்பாவைத் தூக்கித் தூக்கி அது கூடியிருக்குமோ என்று நினைத்தால் எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. நான் நலம்.

குளிர் ஏறியதும் ஏரியின் மேல்நீர் கனத்துக் கீழே இறங்கும், அடிநீர் மேலே வரும். அதைத்தான் ஏரி புரள்வது என்கிறோம். அப்போதுதான் அடியில் வாழும் மீனுக்கும் புழுவுக்கும் மூச்சுக்காற்று போய்ச் சேரும். அதை அளந்து முடித்தால்தான் எனக்கு விடுப்பு. தினமும் படகில் போய் வெப்பமானியை இறக்குகிறேன். மேலே ஒரு சூடு, அடியில் ஒரு சூடு. ஏரி அசைவதாக இல்லை.

நேற்றுக் கரை திரும்பும்போது படகோட்டி அண்ணன், "என்னம்மா, புரண்டாச்சா?" என்றார். என் நினைப்பெல்லாம் பாப்பா மேல்.

"எங்கண்ணே, இப்பதான் கழுத்தே நின்னிருக்கு."

"ஏரிக்கு ஏதும்மா கழுத்து?"

அவர் சிரித்த சிரிப்பில் படகு ஆடி, நான் தண்ணீரில் விழுந்தேன். இடுப்பளவுதான். சளிகூடப் பிடிக்கவில்லை, பயப்படாதே.

கட்டிலின் இரண்டு பக்கமும் தலையணை வை. நான் விட்டுவந்த பழைய புடவையைத் துவைத்துவிடாதே, அவள் பக்கத்திலேயே கிடக்கட்டும். போனில் கேட்டால் உன் மாப்பிள்ளை, "இன்னும் புரளலை, புரளலை" என்று அவசரமாகச் சொல்கிறார். அந்த அவசரம்தான் எனக்கு உதைக்கிறது. ஒருவேளை புரண்டிருந்தாலும் என்னிடம் சொல்லாதே அம்மா. நான் வந்து சேர்ந்ததும் அவளை மல்லாக்கப் போட்டுவிட்டு, "ஓடிவாடி, புரளுறா!" என்று முதல் தடவை மாதிரியே கூப்பிடு.

விடியுமுன் படகேற வேண்டும், நிறுத்துகிறேன்.

உன் மகள்