அம்பில்லாமல் வந்த செபஸ்தியார்

வாய் ஓயாத என் மச்சாள் றோசலினுக்கு, உன் அண்ணன் பெண்சாதி ஆசையோடு எழுதுவது.

நீ இருந்த காலத்தில் உன்னோடு பேசி முடிக்கவே பொழுது போதாது, எழுதுவதற்கு எங்கே நேரம்? இப்போது நீ பதில் சொல்ல மாட்டாய் என்ற துணிச்சலில் எழுதுகிறேன். பேச்சில் உன்னை நான் ஒருநாளும் வென்றதில்லை. இந்த ஒரு தரமாவது நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே வராதே.

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் டிலானி நன்றாகச் சாப்பிடுகிறாள். முந்தநாள் என் மீன்குழம்பில் புளி கூடிப்போச்சு என்று முகத்தைச் சுளித்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன். குறை பிடிக்கத் தொடங்கிவிட்டாள் என்றால் உன் பிள்ளை திரும்பி வந்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

அவள் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய கோலத்தை நீ பார்க்காமல் போனது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. உன்னை அடக்கம் செய்து பல மாதம் கழித்துத்தான் அவளை விட்டார்கள். வீட்டுவேலை செய்த இடத்தில் பாஸ்போட்டைப் பிடுங்கி வைத்திருந்தார்களாம். நீ போன செய்தியையும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள், நீயும் வந்திருப்பாய் என்று. உன் அண்ணன் அங்கேயே வைத்துச் சொல்லவேண்டி வந்தது.

முதுகில் ஸ்திரிக்கைப் பெட்டியால் சுட்ட காயங்கள். இடது கை முறிந்து, கோணலாகப் பொருந்தியிருந்தது. காயத்தை விடு, அவளுக்குள் ஆள்தான் இல்லை. யாராவது படலையில் கூப்பிட்டால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கும் தலையில் துணியைப் போட்டு மூடிக்கொண்டு வருவாள். கட்டிலில் கிடந்தபடி நீ என் கையைப் பிடித்து, "பிள்ளையைப் பாத்துக்கொள்ளு மச்சாள்" என்றாயே, நான் ஓம் என்று சொன்னேனே, எதைப் பார்த்துக்கொள்வது என்று விளங்காமல் தவித்தேன்.

மருந்து போட உட்காரும்போதெல்லாம் உன்னுடைய செபஸ்தியார்தான் நினைவுக்கு வருவார். திருவிழாவுக்குத் திருவிழா பாதர் பிரசங்கத்தில் ஒரே கதையைத்தான் சொல்லுவார். உரோமைச் சக்கரவர்த்தியின் போர்வீரன், வேதத்தை விடமாட்டேன் என்றான், மரத்தில் கட்டி அம்பெய்தார்கள். அந்த இடம் வந்ததும் நீ என் விலாவில் இடிப்பாய். "அம்பு பட்டவரை ஊரே கும்பிடுது. அம்பெடுத்தவளை ஒருத்தருக்கும் தெரியாது, பாத்தியா கா" என்பாய். அவர் அம்பால் சாகவே இல்லை, உடலை எடுத்து அடக்கப் போன ஐரீன் என்ற விதவை மூச்சிருப்பதைக் கண்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு அம்பாக எடுத்து ஆளைத் தேற்றினாள் என்று திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சொல்லுவாய். சுனாமியாகக் கடல் வந்த வருசம் புருசனைப் பறிகொடுத்த உனக்கு அந்த விதவைமேல் அப்படி ஒரு பாசம்.

அதனால்தானே கோயிலில் நிற்கிற அவர் சுரூபத்தின் அம்புகளைத் துலக்குகிற வேலையை வேறு யாருக்கும் விடாமல் நீயே வைத்திருந்தாய்? கொடியேற்றத்துக்கு முன்னே பித்தளை அம்புகளைக் கழற்றிவந்து புளி போட்டுத் துலக்கி, பவனிக்கு முன்னே கொண்டுபோய்ப் பூட்டுவாய். அந்த நாட்களில் கோயில் பக்கம் போகிறவர்களிடம், "அவர் இப்ப ஐரீன்ட வீட்டில நிக்கிறார்" என்று பகிடி விடுவாய்.

இந்தத் தை மாதம் நீ இல்லாத முதல் திருவிழா. நான்தான் துலக்கினேன். பளபளவென்று துலக்கித் துணியில் சுற்றி வைத்தேன். கொண்டுபோய்ப் பூட்டுவது உன் அண்ணனின் வேலை என்று நான் இருந்தேன், நான் கொண்டுபோய்விட்டேன் என்று அவர் இருந்தார். கோயிலிலோ, றோசலின் பூட்டியிருப்பாள் என்ற பழைய நினைப்பில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நீ செத்தும் ஊர் உன்னை நம்பியிருக்கிறது பார். சுரூபத்துக்கு மாலை போட்டுத் தூக்கிவிட்டார்கள். பாதி வழியில்தான் யாரோ கவனித்திருக்கிறார்கள். செபஸ்தியார் ஒரு அம்பும் இல்லாமல் ஊர்வலம் வருகிறார், உடம்பில் வெறும் ஓட்டைகளோடு! பெண்கள் நெஞ்சில் கைவைத்துவிட்டார்கள். ஊருக்கு என்ன வரப்போகுதோ என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாளாம்.

நோயாளி இருக்கிற வாசலில் சுரூபத்தை நிறுத்துவது வழக்கமல்லவா, நம் வாசலிலும் நிறுத்தினார்கள். நான் வெட்கத்தில் மண்ணுக்குள் போகாத குறை. திரும்பிப் பார்த்தால் டிலானி கதவைத் திறந்துகொண்டு வந்து என் பின்னால் நிற்கிறாள். தலையில் துணி இல்லை. சுரூபத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, காயம் மட்டும்தான் இருக்கு. ஆள் நிக்கிறார்," என்றாள்.

அத்தனை மாதத்தில் அவளாக வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு அதுதான். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பவனியின் பின்னால் நடந்தாள். வாவிக்கரை வீதி முழுவதும் நடந்தாள் மச்சாள். நான் செபமாலையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு போனேன், செபஸ்தியார் கோபித்திருக்க மாட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சுரூபத்தின் முன்கம்பு யார் தோளில் இருந்தது தெரியுமா? அவளை அனுப்பிய ஏஜென்சிக்காரரின் தோளில். மகளின் குரலைக் கேட்காமல் நீ பதறிக்கொண்டு போய் நின்றபோதெல்லாம், "பிள்ளை நல்லா இருக்கு, நீங்கதான் வருத்தத்தைக் கூட்டுறீங்க" என்று திருப்பி அனுப்பினாரே, அதே மனுசன். அவளைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

திருவிழா முடிந்து சில நாளில் டிலானி எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முறைப்பாடு கொடுக்கப் போகிறேன் என்றாள். அந்தாள் இன்னும் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார், வவுணதீவில் ஒரு பிள்ளைக்கு எல்லாம் சரியாகி டிக்கெட்டுக்குக் காத்திருக்கிறது என்றாள். நான் மறிக்க மறிக்க, எழுதிச் செயலகத்துக்கு அனுப்பியும் விட்டாள். கோயிலுக்கு லவுட்ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்த மனுசன் அவர். அவரைப் பகைத்துக்கொண்டு இந்த ஊரில் எப்படி இருப்பது? போன கிழமை முந்திரிகைப் பழமும் கையுமாக வந்து, சுகமாகிவிட்டதுதானே, பிறகு ஏன் கிளறுவான் என்று புத்திமதி சொல்லிவிட்டுப் போனார். உன் அண்ணன் பழத்தைத் தொடவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

உண்மையைச் சொல்லட்டுமா, எனக்கு உன் செபஸ்தியார்மேல் கோபம் வந்தது. உயிர் பிழைத்தவர் எங்காவது போய் நிம்மதியாக இருந்திருக்கலாமே. எழும்பி நடக்கத் தொடங்கியதும் நேரே சக்கரவர்த்தியின் முன்னால் போய் நின்று, நீ செய்வது அநியாயம் என்று சொன்னார். ஐரீன் ஏன் அவரைப் போக விட்டாள்? பாதரிடம் கேட்டேன். அப்படி ஒன்றும் எழுதியில்லையே என்று அவர் தலையைச் சொறிந்தார். இவ்வளவு பாடுபட்டுத் தேற்றியவளுக்கு வயிறு எரிந்திருக்காதா? உனக்குத் தெரியுமா மச்சாள்? இப்போது அவளிடமே கேட்கிற தூரத்தில்தானே நீ இருக்கிறாய்.

வவுணதீவுப் பிள்ளையின் தாய் பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கேள்விப்பட்டது மெய்யா என்று கேட்டாள். டிலானி அந்தக் கோணல் கையை மட்டும் நீட்டிக் காட்டினாள், முதுகைக் காட்டத் தேவைப்படவில்லை. அந்தத் தாய் அதைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டு, விசாரணைக்குத் தானும் வருவதாகச் சொல்லிப் போனாள். மகளை அனுப்பப் போவதில்லையாம்.

அவள் போன பிறகும் நான் விடவில்லை. என் பயம் எனக்கு. "இரண்டாம் தரம் போன செபஸ்தியாரை அடிச்சே கொன்றுபோட்டாங்கள். அதை மறந்திட்டியா கா?" என்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உன் கண், அப்படியே உன் கண்.

"அவரோட ஒருத்தரும் போகல்ல மாமி," என்றாள்.

சொல், நீ என்றால் என்ன சொல்லியிருப்பாய்?

செவ்வாய்க்கிழமை செயலகத்தில் விசாரணை. ஏஜென்சிக்காரரும் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருப்பாராம். உன் அண்ணன் இன்று காலையில்தான் வாயைத் திறந்தார், வான் பிடித்துவிட்டேன், நானும் வருகிறேன் என்றார். நாங்கள் மூன்று பேரும் புறப்பட்டுப்போய் அந்தத் தாயை வழியில் ஏற்றிக்கொள்வோம்.

மச்சாள், பிள்ளையைப் பார்த்துக்கொள் என்றாய். வீட்டுக்குள் வைத்து மூடிக் காப்பாற்றுவதுதான் பார்த்துக்கொள்வது என்று இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவள் பேசும்போது நான் பக்கத்துக் கதிரையில் இருப்பேன். குரல் அடைத்தால் தண்ணீர் கொடுப்பேன். என்னை வெளியே போகச் சொன்னால் கதவடியில் நின்று இருமுவேன், நான் நிற்பது அவளுக்குக் கேட்கவேண்டும். உன் பிள்ளை தனியாகப் போகமாட்டாள். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் பிள்ளைக்கு இனித் தாயும் மாமியுமான,
உன் மச்சாள் பிலோமினா