பதினேழாவது கேள்வி

ஆவணி அமாவாசை, 1969. இரவு.

எனக்கு நரம்புத் தளர்ச்சியாம். எங்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மனோதத்துவப் பரீட்சை வைக்கச் சென்னையிலிருந்து வந்தவர் இன்று சொல்லிவிட்டார். எல்லாம் பதினேழாவது கேள்வியால்: 'சத்தமே இல்லாதபோதும் காதில் சத்தம் கேட்கிறதா?' 'ஆம்' என்று எழுதியிருந்தேன். என்னோடு சேர்த்து நெசவுத் தெருப் பெண்கள் ஆறு பேரும் அதையேதான் எழுதியிருக்கிறோம். ஆறு பேருக்குமா நரம்பு கெட்டுப்போய்விட்டது?

"மாசம் பூரா தறிச் சத்தம் சார். அமாவாசைக்கு மட்டும் லீவு. அன்னிக்கும் காதுல கேட்டுக்கினே இருக்கும்" என்றேன்.

"போன மாசமும் ஆம்னு எழுதின, இப்பவும் ஆம். ரெண்டு தடவையும் ஒரே பதில் வருதுன்னா, டெஸ்ட் சரியா அளக்குதுன்னுதானேம்மா அர்த்தம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க வீட்டுக் கடியாரம் என்னிக்கும் பத்து நிமிஷம் பின்னாலதான் சார் காட்டும். ஒரு நாளும் மாறாது. அத நம்பிப் போனா பஸ் கிடைக்குமா?"

அவர் என் தாளில் 'முன்கோபம்' என்றும் சேர்த்து எழுதினார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் யாரைப் பயிற்சியில் வைத்துக்கொள்வது என்று தலைமையாசிரியை முடிவு செய்வாராம்.

இன்று தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. இதை எழுதும்போதும் எனக்குக் கேட்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவிடம், "உனக்கும் கேக்குதாம்மா?" என்றேன்.

"பின்ன, கேக்காம? அமாவாசைன்னாதான் இன்னும் நல்லா கேக்குது. விளக்கை அணைச்சிட்டுப் படு."

அந்தச் சென்னைக்காரர் இதையும் எழுதிக்கொள்ளட்டும். ஏழாவது ஆள்.