சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச்

ஜூலை 8, 2025, செவ்வாய்

என் ரிப்பேர் கடைக்கு இன்று இரண்டு மோட்டார் வந்தன. இரண்டிலும் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, காயில், கருகியிருக்கிறது. ஒன்றைப் பிரித்துப் போட்டேன். மற்றது நாளைக்கு.

சாயங்காலம் இவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். கம்பெனியில் புல் வெட்டும் வண்டி மறுபடி நின்றுவிட்டதாம். சின்ன டிராக்டர் மாதிரி, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் அந்தக் கம்பெனிக்குள் இருக்கும் புல்தரை முழுக்க என் வீட்டுக்காரர் ஜோசுவாவின் ராஜ்ஜியம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறதாம். இந்த மாதத்துக்குள் சரியாகாவிட்டால் வெளியாளுக்குக் காண்டிராக்ட், இவருக்கு கேட் டூட்டி என்று சூப்பர்வைசர் பிரேம்நாத் சொல்லிவிட்டார்.

"வர்ற காருக்கெல்லாம் சலாம் போட்டுகினு நிக்கணுமாம், எஸ்தரு."

சொல்லும்போது கண் கலங்கியது. மனுஷனுக்கு அந்த வண்டி மேல் அவ்வளவு ஆசை. என்னைக் கட்டிக்கொண்ட நாளில்கூட இப்படிக் கண் கலங்கவில்லை. சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன் என்றேன்.

ஜூலை 12, சனி

மீட்டரும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு போனேன். பேட்டரி நன்றாக இருக்கிறது. டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தது. சுரண்டி, வெந்நீர் விட்டுத் துடைத்தேன். எர்த் ஒயர் லூஸ், முறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது. ஒரு ரவுண்டு போய் வந்து எனக்கு சல்யூட் வேறு அடித்தார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் பரோட்டா. என் தட்டிலும் பாதியை அவரே முடித்தார். "துன்றதெல்லாம் எங்கப்பா போவுது?" என்றேன். "வண்டி ஓட்றேன் இல்ல, எரிஞ்சிடுது" என்றார். விமானம் ஓட்டுகிறவர் மாதிரி பதில்.

ஜூலை 15, செவ்வாய்

நின்றுவிட்டதாம். சீ.

ஜூலை 19, சனி

எலி கடித்த ஒயர் ஒன்று கிடைத்தது. அதுதான் என்று நினைத்து ஒட்டுப்போட்டு டேப் சுற்றினேன். பிரேக் சுவிட்ச், பிளேடு சுவிட்ச் எல்லாம் மீட்டரில் சரியாகக் காட்டுகின்றன. நானே ஏறி ஓட்டினேன். நிற்கவில்லை. பிரேம்நாத் சார் ஓட்டினார், நிற்கவில்லை. இவர் ஏறினார். மேடு பள்ளத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது, அவ்வளவுதான், போச்சு.

"வண்டிக்கு உன்ன புடிக்கல போலக்குது ஜோசுவா" என்று பிரேம்நாத் சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். இவரும் சிரிக்கிற மாதிரி காட்டிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரை நான் ஆயிரம் கிண்டல் பண்ணுவேன். இவங்க யாரு பண்றதுக்கு?

ஜூலை 20, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச்தான் மண்டையில் ஓடியது. ஆள் உட்கார்ந்தால் அது அமுங்கும். ஆள் எழுந்தாலோ கீழே விழுந்தாலோ இன்ஜினை அணைத்துவிடும், பிளேடு யாரையும் வெட்டக்கூடாது என்பதற்காக. ஸ்பிரிங் செத்திருக்கும். புதுசு ஆர்டர் போட்டாயிற்று.

ஜூலை 26, சனி

எப்படி எழுதுவது.

புது சுவிட்சை மாட்டினேன். சுவிட்ச் அமுங்கியிருக்கிற வரை மீட்டர் பீப் அடிக்கும். மீட்டரை வைத்து நான் உட்கார்ந்தேன், அடித்தது. குலுங்கிப் பார்த்தேன், விடாமல் அடித்தது. இவரை உட்காரச் சொன்னேன், அடித்தது. "மேட்ல ஏர்ற மாதிரி ஆட்டுப்பா" என்றேன். சத்தம் விட்டு விட்டு வந்தது. புது சுவிட்ச், புது ஸ்பிரிங். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிரேம்நாத் பொறுமை இழந்துவிட்டார். "சுவிட்ச்ச வுட்டுட்டு ரெண்டு ஒயரையும் சேத்து டைரக்ட் குடுத்துட்டு போம்மா. எல்லாரும் அப்டிதான் பண்றாங்க."

இவரும், "குடுத்துடேன் எஸ்தரு" என்றார்.

ஒயரை எடுக்கக் குனிந்தேன். இவர் இடுப்பு என் கண்ணுக்கு நேராக இருந்தது. பெல்ட்டில் ஆணியால் குத்திய ஓட்டைகள். நுனி பாதி முதுகு வரை சுற்றிப் போயிருந்தது.

ஒயரை வைத்துவிட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. நான் பழைய செம்புக் கம்பி போடுகிற காயலான் கடைக்கு நேராக இழுத்துக்கொண்டு போய் எடை மெஷினில் ஏற்றினேன். கடைக்கார ராஜவேலு அண்ணன், "இன்னாமா, இவரையும் வெலைக்கு போட வந்துட்டியா?" என்று சிரித்தார். அப்புறம் நம்பரைப் பார்த்துவிட்டு மெஷினை ஒரு தட்டுத் தட்டி மறுபடி பார்த்தார். நாற்பத்தொன்பது கிலோ. வேலைக்குச் சேரும்போது அறுபத்தி மூணு இருந்த ஆள். வண்டி குலுங்கும்போது சுவிட்சை விடாமல் அமுக்கி வைக்க இந்த உடம்பில் எடை இல்லை.

நடந்துகொண்டே கேட்டேன். எந்நேரமும் தாகமாம். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து போகிறாராம். "ஆஸ்பத்திரிக்கு போயி எதுனா சொல்லிட்டாங்கன்னா வண்டிய வுட்டு எறக்கிடுவாங்க இல்ல" என்கிறார்.

வெண்ணெயை கையில வெச்சிக்கினு நெய்க்கு அலஞ்சிருக்கேன். பக்கத்துலயே படுத்துக்கினு இருக்கிற ஆளு. சட்டை தொளதொளன்னு தொங்குதே, கண்ணு எங்க போச்சு எனக்கு?

ஜூலை 28, திங்கள்

சுகர். ரொம்ப ஏறியிருக்கிறது. தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். இவர்தான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காண்டிராக்ட் வண்டி வந்துவிட்டது. இவர் இன்று முதல் கேட்டில். "ஒரே ஒரு ஒயர சேத்திருந்தீன்னா எம்பொழப்பு போயிருக்காது" என்றார். புது ஊசி, எந்த நேரத்தில் தலை சுற்றும் என்று தெரியாது. மேலிருந்து விழுந்தால் கீழே பிளேடு. சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்னும் பேச்சில்லை. ஊசி போட மட்டும் கையை நீட்டுகிறார், ராஜா மாதிரி.

ஆகஸ்ட் 13, புதன்

கேட்டில் கண் இருட்டி, நின்ற இடத்திலேயே சரிந்துவிட்டார். காலையில் சரியாகச் சாப்பிடவில்லையாம். பக்கத்தில் இருந்தவர் சர்க்கரையை வாயில் போட்டு எழுப்பியிருக்கிறார். பிரேம்நாத் சாரே ஆட்டோ வைத்துக் கூட்டி வந்தார்.

படுத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "வண்டி மேல இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. "கம்முனு படு" என்றேன். கையை நானும் எடுக்கவில்லை. அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்த பிறகுதான் எழுந்தேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

காண்டிராக்ட் ஆள், புல்லோடு சேர்த்து மேனேஜர் வைத்த ரோஜாச் செடிகளையும் மொட்டை அடித்துவிட்டானாம். பிரேம்நாத் போன் செய்தார். டாக்டர் சீட்டு கொண்டு வந்தால் ஜோசுவாவே வண்டியை எடுக்கலாமாம். இவர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். டாக்டரம்மா, இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்கிறார்.

அக்டோபர் 13, திங்கள்

உடம்பில் எடை ஏறி, டாக்டரம்மா சீட்டும் கொடுத்து, இவர் இன்று வண்டி ஏறினார். ஒயர் எதையும் நான் சேர்க்கவில்லை, அதே சுவிட்ச்தான்.

பத்தரைக்கு போன் வந்தது. "ஆன் பண்ணி சட்ட பாக்கெட்ல போட்டுக்கறேன், நீ கேட்டுக்கினே இரு" என்றார். ஸ்பீக்கரில் வைத்துவிட்டு மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தேன். இன்ஜின் சத்தம் மட்டும் வந்தது. வண்டி தடதடவென்று ஏதோ மேட்டில் ஏறி இறங்கியது. மறுபடி ஏறியது. சத்தம் ஒரு இடத்திலும் அறுபடவில்லை. நடுவில் ஏதோ கீர்த்தனை பாடத் தொடங்கினார், ராகம் தப்பாக.

எத்தனை சுற்று சுற்றினேன் என்ற எண்ணிக்கை விட்டுப்போயிற்று. அத்தனையையும் பிரித்துவிட்டு, முதலிலிருந்து சுற்றினேன்.