தூர் வாரிய ஓடை

கனடா,
14-11-1976

நைனாவுக்குக் காசிநாதனின் வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

இங்கே கடலிலிருந்து காட்டு ஓடைக்கு ஏறிவந்து முட்டையிடும் சால்மன் மீன்களை, ஊர் மீனவர்களோடு சேர்ந்து காக்கிறோம். போன மாதம் ஓடையில் மரங்கள் விழுந்து கிடந்தன. செய்யூர்க் கால்வாயைத் தூர் வாரும்போது, "தண்ணிக்குக் குறுக்க இன்னா கீதோ, இழுத்துப் போடுடா" என்பீர்களே, அந்த நினைப்பில் எல்லாவற்றையும் அகற்றினேன். பிறகு மழை பிடித்தது. வேகத்தைத் தடுக்க மரமில்லாமல், கூழாங்கற்களுக்குள் இருந்த முட்டைகளை வெள்ளம் வாரிக்கொண்டுபோய்விட்டது. மீனவர் ஜோசப் கரையில் நின்று பார்த்தார்; பிறகு எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

நீங்கள் கவலைப்படாதீர்கள். கொஞ்சம் கருவாடு அனுப்புங்கள். இந்தக் கடிதத்தை வாங்கிப்போகத் தபால்காரர் காத்திருக்கிறார். இங்கே என்னைத் திட்ட ஒருவருமில்லை, நைனா. நீங்களாவது நாலு வரி திட்டி எழுதுங்கள்.

காசி