அண்ணா, உன் ஸ்குரூவைக் கழற்றிவிட்டேன்

என் ஆசை அண்ணா,

ஆசையாகத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் முதலில் உன்னைத் திட்டவேண்டும். திட்டாமல் எனக்கு மேலே எழுத வராது.

போன சனிக்கிழமை விட்பிக்குப் போனேன், உன்னோடு வேலை செய்த பீட்டரின் வீட்டுக்கு. மான் வேட்டைக்கென்று ஒரு துவக்கு வாங்கினாயே. வீட்டுக்குள் விடமாட்டேன் என்று நான் கத்தியதால் பீட்டரின் கராஜில் பூட்டி வைத்தாயே, அதைத் தேடித்தான். துவக்குக்குப் பயந்து நாடு விட்டு ஓடிவந்த குடும்பத்தில், ஆசைப்பட்டுத் துவக்கு வாங்கிய ஒரே ஆள் நீதான். உனக்கு மூளை எங்கே போனது?

அதில் பூட்டியிருந்த தொலைநோக்கி பீட்டரின் தகப்பனுடையதாம், நீ இரவல் வாங்கியதாம். உன் செத்தவீட்டில் பீட்டர் ஏதோ பேச்சில் சொல்ல, அம்மா பிடித்துக்கொண்டா. “இரவல் சாமானோட என்ர பிள்ளையை அனுப்பேலாது. அந்தியேட்டிக்கு முதல் கழட்டிக் குடுத்துப் போடு.” நான் விட்பிக்குப் போன அன்று முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஒரு கிழமைகூட இருக்கவில்லை. பீட்டரோ தனக்கு அது வேண்டாம், துவக்கோடேயே கிடக்கட்டும் என்றார். அம்மாவிடம் அது எடுபடுமா?

துவக்கில் தோட்டா இல்லை என்று இரண்டு தரம் திறந்து காட்டிவிட்டுத்தான் பீட்டர் அதை மேசையில் வைத்தார். தொலைநோக்கியைப் பிடித்திருந்தது ஒரே ஒரு செட் ஸ்குரூ. தலையே இல்லாத, அரிசி மணியளவு ஸ்குரூ. உள்ளே அலன் கீ என்கிற சாவி நுழைய ஆறு மூலைத் துளை. அந்த மூலைகள் ஒன்றும் மிச்சமில்லை! சிவப்புப் பசையை வேறு ஊற்றி, சாவி வழுக்கும்வரை இறுக்கியிருக்கிறாய். மோர்னிங்சைட் தொழிற்சாலையில் பகல் முழுக்க அலன் கீயும் கையுமாக நிற்கிறவள் உன் தங்கச்சி. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?

ட்ரில் போடுவோம் என்றார் பீட்டர். வேண்டாம் என்றேன். கை ஒரு நூல் விலகினாலும் அவருடைய தகப்பனின் சாமான் காயப்படும். ஊசியால் துளைக்குள் இருந்த பசையைச் சுரண்டினேன். தேய்ந்த சாவியின் நுனியை அராவிப் புது மூலை எடுத்து, மெல்லத் தட்டி இறக்கிப் பார்த்தேன். அசையவில்லை. பிறகு சோல்டரிங் அயனைச் சுடவைத்து ஸ்குரூவின் மேல் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பசை சூட்டுக்குத்தான் இளகும், பலத்துக்கு இளகாது.

அப்படி நிற்கும்போதுதான் பீட்டர் வாயைத் திறந்தார். இதை இறுக்கின அன்று நீ இரண்டு தரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாயாம். என்ன என்று கேட்டதற்கு, “ஒண்டுமில்லை, காஸ்” என்றாயாம். “நான் நம்பிவிட்டேன்” என்று அந்தப் பெரிய மனுசன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. ஏனென்றால் நானும் நம்பினேனே! கடைசி நாள் காலமை உன் முகம் வெளிறிக் கிடந்தது. “என்னண்ணா செய்யுது?” “வாயு பிள்ளை. இஞ்சித் தேத்தண்ணி ஒண்டு தா.” இடித்துத் தந்தேன். குடித்துவிட்டு, “இப்ப சுகம்” என்று சொல்லி வேலைக்குப் போனாய். மத்தியானம் உன் தொழிற்சாலையில் இருந்து போன் வந்தது. எங்கள் ஆட்களுக்கு நெஞ்சில் எது வந்தாலும் வாயுதான். இஞ்சியும் உள்ளியும் போட்டே ஆளைச் சாகவிடுவோம். பொய் சொன்னது நீ. இஞ்சி இடித்த கை என்னுடையது. நான் யாரோடு சண்டை பிடிக்க?

சூட்டோடு சூடாகச் சாவியை விட்டு முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரளவு, பிறகு கழற்றுகிற பக்கம் திருப்பினேன். டிக் என்று விட்டது. பீட்டர் தொலைநோக்கியை வாங்கித் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். உன் துவக்கை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஸ்குரூவை நான் கொண்டுவந்துவிட்டேன்.

இனித்தான் செய்தி. நேற்று அந்தியேட்டி முடிந்து சனம் போனபின், அம்மா நெஞ்சைத் தடவினா. “கொஞ்சம் வாயு பிள்ளை. இஞ்சி கிடக்கே?”

நான் அடுப்படிக்குப் போகவில்லை. அம்புலன்சுக்குப் போன் அடித்தேன். “விசரி, அயலட்டை பாக்குது! வடை கூடிப்போச்சு, அவ்வளவுதான்!” என்று அம்மா படுக்கையில் கட்டிக் கொண்டுபோகும்போதும் பேசினா. ஆஸ்பத்திரியில் எல்லாம் சோதித்துவிட்டு, டொக்டர் சிரித்துக்கொண்டு வந்தார்.

வாயுதானாம்.

அம்மா என்னை வீடு வரும்வரை திட்டினா. நான் அழுதேன். உனக்கும் அது வெறும் வாயுவாக இருந்திருக்கக் கூடாதா, அண்ணா? ஊர் சிரிக்க, நீ என்னைத் திட்டித் திட்டி வீட்டுக்கு வந்திருக்கக் கூடாதா?

சத்தியமாகச் சொல்கிறேன். இனி யார் நெஞ்சைத் தடவினாலும் இஞ்சி இடிக்கமாட்டேன். நூறு தரம் வாயுவாக இருந்தாலும் நூற்றோராம் தரமும் அம்புலன்சுக்கு அடிப்பேன்.

உன்னில் கோபம் ஆறாத,
உன் ஒரே தங்கச்சி