பின்கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை

23-7-2003, புதன்

ஊரில் அம்மன் கொடை முடிந்து கோவில்பட்டிக்குத் திரும்பினோம். காரின் பின்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிற சாமான் வேலை செய்யவில்லை. பொத்தானை அமுக்கினால் மோட்டார் உறுமுகிறது, ஒரு சொட்டு வரவில்லை. வைப்பர் காய்ந்த கண்ணாடியில் கரிசல் புழுதியை இழுத்து இழுத்துச் சுவர் மாதிரி பூசிவிட்டது. இந்த ஆடிக் காற்றில் பின்னால் லாரி வந்தாலும் தெரியாது.

"நாளைக்கு ஒரு துணிய வச்சுத் தொடச்சாப் போச்சு. இதுக்கு ஏன் இப்படிக் கத்துதீங்க?" என்றாள் ராதாமணி. அவ்வளவுதான் சொன்னாள். அவள் மடியிலிருந்த தூக்குவாளியைப் பிடுங்கி ரோட்டில் எறிந்தேன். கோயில் பொங்கல் அத்தனையும் புழுதியில்.

கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "வைகாசியில அடிச்சீங்க. பொறுத்துக்கிட்டேன். இன்னொரு தடவ என் மேல கை நீண்டுச்சுன்னா கடம்பூருக்குப் போயிருவேன். அப்புறம் கூப்பிட வராதீங்க."

வைகாசியில் அடித்தது இடது காதோடு சேர்த்து. அந்தப் பக்கம் இன்னும் அவளுக்குச் சரியாகக் கேட்பதில்லை. போகமாட்டாள். பதினோரு வருடம் இருந்தவள் இப்போது அம்மா வீட்டில் போய் என்ன செய்வாள்?

24-7-2003, வியாழன்

கார் வயரிங் வேலை பார்க்கும் கார்த்திகேசனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். கேட்டான், பார்த்தான், காதை வைத்தான்.

"மோட்டார் ஓடுது அண்ணாச்சி. பியூசும் நல்லாத்தான் இருக்கு. எங்கனயோ அடைப்பு. டிக்கிக்குள்ள இருக்க தண்ணி டப்பாவக் கழட்டிப் பாக்கணும். வண்டிய விட்டுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க."

நாளைக்காம். ஆவணி விதைக்கு ஊர் ஊராகப் போய்ப் பேசவேண்டிய நேரம். உரக்கடைக்காரன் கடையில் உட்கார்ந்திருந்தால் யார் வருவார்கள்? "ஒரு டப்பாவக் கழட்ட ஒரு நாளாலே?" என்றேன்.

"அவசரமாக் கழட்டுனா கிளிப்பு ஒடஞ்சிரும் அண்ணாச்சி" என்று சிரித்தான்.

சிரித்திருக்கக்கூடாது. அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. கையில் ஸ்க்ரூடிரைவர் வைத்திருந்தான். ஒரு குத்து விட்டிருக்கலாம். அதைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். "வண்டிய எடுத்துட்டுப் போங்க" என்றான். இந்தத் தடவை அண்ணாச்சி இல்லை.

வீட்டுக்கு வந்து நானே குண்டூசியால் தண்ணீர் வருகிற துளையைக் குத்திப் பார்த்தேன். ஊசி வளைந்ததுதான் மிச்சம்.

25-7-2003

உள்ளங்கை எரிகிறது. அவன் உதடு எப்படி இருக்கிறதோ. எப்படி இருந்தால் எனக்கென்ன?

27-7-2003, ஞாயிறு

புதூர்ப் பக்கம், என்னிடம் உரம் வாங்குகிற திருப்பதியின் புஞ்சைக்குப் போனேன். நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

திருப்பதி எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தான். அதைப் பார்த்ததுமே எனக்கு எரிந்தது. "இந்த வருசம் உரம் வேண்டாம் அண்ணாச்சி, கிடையே போதும்" என்றான். ஆடுகள் மேயப் போயிருந்தன. பிறந்து சில நாளான குட்டிகளை மட்டும் ஓலைக் கூடையான குடாப்பில் கவிழ்த்து அடைத்துப் புஞ்சை ஓரத்தில், என் வண்டிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள்.

நான் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமல்தான் வண்டியில் ஏறினேன். கதவை அடித்துச் சாத்தினேன். பொத்தானை அமுக்கினேன். உறுமல் மட்டும். பின்னால் வெறும் புழுதிச் சுவர். இறங்கித் துடைத்திருக்கலாம். ஒரு துணிதான். கோபத்தில் ரிவர்ஸ் எடுத்து மிதித்தேன்.

முறத்தை மிதித்தது மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கத்தல். பதறிப்போய் வண்டியை முன்னால் எடுத்தேன். அதில் இன்னொன்று மாட்டியது.

ஏழு குட்டிகள். நான்கு அங்கேயே போய்விட்டன. ஒன்று பின்னங்கால் செத்துப்போய் முன்னங்காலால் மண்ணை இழுத்து இழுத்துத் தாயைத் தேடியது. கிடைக்காரர் நல்லக்கண்ணு ஓடிவந்தார், ஐம்பது வயதிருக்கும். நசுங்கிய குடாப்பைத் தூக்கிப் பார்த்தார். கம்பால் பானெட்டில் ஒரே போடு.

"கண்ணு அவிஞ்சா போச்சு ஒனக்கு?"

அதுதான் உண்மை. அதனால்தான் பொறுக்க முடியவில்லை. வீல் ஸ்பேனரை எடுத்து அவர் மணிக்கட்டில் அடித்தேன். எலும்பு ஒடிந்தது எனக்கே கேட்டது. கம்பு விழுந்தது. கம்பு விழுந்த பிறகும் தோளில் ஒன்று போட்டேன். திருப்பதி பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தான். "விடுங்க, செத்துருவாரு!"

நல்லக்கண்ணு கையை மடியில் வைத்துக்கொண்டு குட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

28-7-2003

நல்லக்கண்ணுவின் ஆட்கள் ஆறு பேர் கடைக்கு வந்தார்கள். தராசை என் மேல் வீசினார்கள். கீழே தள்ளி மிதித்தார்கள். யூரியா மூட்டை கிழிந்து அதன் மேலேயே கிடந்தேன், காயமெல்லாம் எரிந்தது. புருவத்தில் ஐந்து தையல். பஜாரில் ஒருத்தன் விலக்க வரவில்லை. கார்த்திகேசனும் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன்: 'குட்டிகள் ஓடுகிற காருக்குக் குறுக்கே வந்தன. கிடைக்காரர் முதலில் தாக்கினார்.' கையெழுத்தும் போட்டேன். செண்பகராஜ் என்று முழுப்பெயர்.

30-7-2003

புருவத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே ராதாமணி கேட்டாள்: "குடாப்புக்குள்ள கெடந்த குட்டி எப்படிங்க குறுக்க வரும்?"

யார் சொன்னார்களோ. சோற்றுத் தட்டைச் சுவரில் அடித்தேன். அவளைத் தொடவில்லை. இன்றைக்கு அதுவரை நல்லவன்.

2-8-2003, சனி

நானே டிக்கியின் ஓரத் தகட்டைப் பெயர்த்துத் தண்ணீர் டப்பாவைக் கழற்றினேன். கிளிப் உடைந்தது. அவன் சொன்ன மாதிரியே.

டப்பாவைக் கவிழ்த்தேன். மஞ்சள் சேறு கட்டி கட்டியாக விழுந்தது. மோட்டார் வாயில் வேப்பிலை சுருண்டு அடைத்துக் கிடந்தது. கொடையன்று சாமிக்கு முன்னால் வீசுகிற வாசனை.

ராதாமணியைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்தாள். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஒரு செம்புதான் ஊத்துனேன். சாமி மஞ்சத்தண்ணி."

"இதுக்குள்ள எதுக்குட்டி ஊத்துன?"

"நீங்க பொத்தான அமுக்கும்போதெல்லாம் வண்டி மேல தெளிக்கும்லா. வண்டியில ஏறுனாத்தான் ஒங்களுக்குக் கோவம் கூடுதலா வருது. தணியட்டும்னுதான் அம்மாகிட்ட வேண்டிக்கிட்டு ஊத்துனேன்."

ஒரு நொடி சிரிப்புத்தான் வந்தது. அடுத்த நொடி அடித்தேன். "ஒன்னாலதாம்ட்டி நாலு உசுரு போச்சு!" என்று கத்திக்கொண்டே அடித்தேன். இரண்டாவது அடியில் அவள் தலை டிக்கிக் கதவு விளிம்பில் மோதியது. நெற்றியிலிருந்து ரத்தம் மூக்கு வழியாக இறங்கியது. அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வலது காதை மட்டும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கேட்கிற காது அது ஒன்றுதான்.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏம்லே அடிச்ச? அவ ஊத்துனா, சரி. தெரியாம ஊத்துனா. மறுநாளே டப்பாவக் கழட்டுதேன்னு கார்த்திகேசன் சொன்னாம்லா? அவன அறைஞ்சது யாரு? எறங்கித் தொடைக்காம ரிவர்ஸ் எடுத்தது யாரு? ஒடிஞ்ச கையோட நின்னவரத் தோள்ல போட்டது யாரு? அம்மனா வந்து போட்டா?

நான். நான்தான்.

3-8-2003

காலையில் அவள் இல்லை. தண்ணீர் ஊற்றிய செம்பைக் கழுவி, அடுப்படியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

6-8-2003

கார்த்திகேசன் பட்டறைக்குப் போனேன். நான்கு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று பார்த்தேன். பிறகு, அறையும்போதும் ஆட்கள் இருந்தார்களே என்று தோன்றியது. அவர்கள் முன்னாலேயே சொன்னேன்: "அன்னைக்கு நான் செஞ்சது தப்புப்பா."

அவன் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தான். "வண்டிய விட்டுட்டுப் போங்க. நாளைக்கு வாங்க."

விட்டுவிட்டு நடந்தே வந்தேன்.

7-8-2003

தண்ணீர் வருகிறது. முதலில் லேசான மஞ்சளாக வந்தது, அப்புறம் வெள்ளையாக.

8-8-2003

ஸ்டேஷனில் முன்பு எழுதியதை மாற்றி எழுதிக் கொடுத்தேன். 'குட்டிகள் குறுக்கே வரவில்லை. எனக்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. தெரியாமலே வண்டியை எடுத்தேன். அவர் வண்டியைத்தான் அடித்தார், நான் ஆளை அடித்தேன்.' படித்துப் பார்த்த ஏட்டையா கேட்டார்: "கேசு ஒங்க பக்கம் நிக்காதே, தெரியுதா?"

தெரிகிறது.

10-8-2003, ஞாயிறு

கடம்பூர் போனேன். மாமியார் ஜானகியம்மாள் வாசலை மறித்து நின்றாள், என் முகத்தைப் பார்க்காமல். ராதாமணி அவளை விலக்கிக்கொண்டு வந்தாள். நெற்றியில் பிளாஸ்திரி.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். கார்த்திகேசனைப் பார்த்ததைச் சொன்னேன். பாதிக்கு மேல் சொன்ன பிறகுதான் அவளுடைய இடது பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. அவள் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

"தண்ணி வருதா?" என்று கேட்டாள்.

"வருது."

"நல்லது."

"வீட்டுக்கு வா ராதா. இனிமே..."

"கூப்பிட வராதீங்கன்னு சொன்னேம்லா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நின்று பேசியிருப்பேன்.

அந்தச் சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்னாலேயேதான் எடுக்க வேண்டும். பொத்தானை அமுக்கினேன். தண்ணீர் அடித்தது, வைப்பர் இரண்டு தடவை துடைத்தது. கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கோழிக்கூடு, அம்மிக்கல், சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பிள்ளை. எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. பிள்ளை விலகும்வரை வண்டியை நிறுத்தி வைத்திருந்து, மெதுவாக எடுத்தேன்.

தெருமுனைக்கு வந்த பிறகுதான் முன்பக்கம் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.